சிவப்புப் புள்ளி வைத்த ஊர்கள்

ராய்ச்சூரில், பள்ளிக்கூடங்களுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் சிவலீலாவுக்குப் பக்கத்து மேஜை எனக்கு. வருகைப்பதிவும் தேர்ச்சி விவரமும் அவள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அந்தத் தரவை அலசி, சிக்கல் எங்கே என்று சொல்வது அவள் வேலை. சிந்தனூர்ப் பக்கத்துக் கால்வாயோர ஊரிலிருந்து படித்து வந்தவள்.

பெண் பிள்ளைகள் ஏழாவது, எட்டாவதில் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பது அந்த வருடத்துக் கேள்வி. பெற்றோருக்கு விழிப்புணர்ச்சி இல்லை என்பார் மேலாளர் தேசாயி. சிவலீலா பேருந்து நேரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். சாயங்கால வண்டி நின்றுபோன தடங்களில்தான் பள்ளிக்கூடங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து படித்த பெண் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அந்த ஊர்களுக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள். அதில் அவள் ஊரும் இருந்தது.

"சார், பிரச்சினை அவங்க மனசுல இல்ல, ரோட்ல இருக்கு. இருட்டறதுக்குள்ள புள்ளைங்க எப்படி வீடு சேரும்னு கேட்கணும்."

"பஸ்ஸு நம்ம கையிலயா இருக்கு? நம்மால ஆகுற கேள்வியா கேளும்மா" என்று சிரித்தார் தேசாயி.

ஆகவே தெருநாடகம் போட்டோம். வரைபடம் மட்டும் கல்வித்துறை மேலிடத்துக்குப் போனது. பேருந்து விவரம் இருந்த பக்கம் போகவில்லை. சிவப்பு என்றால் பிள்ளைகள் குறைந்த பள்ளி என்று அங்கே புரிந்துகொண்டார்கள். கோடை விடுமுறையில் உத்தரவு வந்தது: அவற்றை மூடி, டவுன் பள்ளியோடு சேர்க்க வேண்டும்.

வயலில் படையல் போட்டுச் சாப்பிடும் எள் அமாவாசைப் பண்டிகைக்கு அவள் என்னையும் ஊருக்கு அழைத்துப் போனாள். வயலில் சஜ்ஜை என்கிற கம்பு ரொட்டியைப் பிரித்து வைத்தபடி அவள் அக்கா ஹுலிகெம்மா ஆரம்பித்தாள்.

"வாங்க ஆபீசரம்மா. உங்க கம்ப்யூட்டருல எங்க ஊரு செவப்பா தெரிஞ்சுதாமே?"

"அக்கா, நான் பஸ் விடத்தான் சொன்னேன்."

"வந்துச்சா பஸ்ஸு? பள்ளிக்கூடத்தை மூடுன பிறகும் மோளம்தான் வந்துச்சு. பொண்ணைப் படிக்க வைன்னு ஆடுனாங்க. எங்கடா படிக்க வைக்கிறதுன்னேன், பல்லைக் காட்டுனான்."

பள்ளி மூடியதும் ஏழாவதோடு படிப்பை விட்டு மிளகாய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள் அக்கா மகள் சந்திரவ்வா. சட்னியை எங்கள் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "கோயில் ஜாத்திரை முடிஞ்சதும் எனக்கு நிச்சயம், சித்தி."

திரும்பும் வழியில் சிவலீலா குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்தாள். அதிகாரிகள் வந்து கல்யாண ஏற்பாட்டை நிறுத்தினார்கள். பதினெட்டு வயது ஆகும்வரை கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சந்திரவ்வா மறுநாளே மிளகாய்க் காட்டுக்குப் போனாள். அக்கா தங்கையோடு பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த வருடத் தரவில் இடைநிற்றல் குறைந்திருந்தது. தேசாயி எல்லோருக்கும் தார்வாட் பேடா இனிப்பு கொடுத்தார்.

"மூடுன பள்ளிங்க கணக்குலயே வரல, சார். அதான் குறைஞ்சிருக்கு" என்றாள் சிவலீலா.

"பள்ளிக்கூடமே இல்லாத ஊர்ல எவ இடையில நிப்பா?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

அந்த மாதமே வேலையை விட்டாள். சிந்தனூரில் ஒரு அரிசி ஆலை அலுவலகத்தில் இருக்கிறாள். பார்க்கப் போனால் டீ வாங்கித் தருவாள். ஊருக்குப் போனாயா என்று மட்டும் நான் கேட்பதில்லை.