கொழுந்துக்கு ஏற்ற கோரஸ்

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில், பிரிஞ்சாங் போகும் பாதையோரத்தில் இருந்த எங்கள் சபையில் கை தட்டிப் பாடக் கூடாது. தட்டினால் பாஸ்டர் பாட்டை நிறுத்திவிட்டு, "இது என்ன கல்யாண வீடா?" என்பார். எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்கு லோரியில் போய், கை தட்டிப் பாடுகிற துள்ளல் கோரஸ்களைக் கற்றுக்கொண்டு வந்தோம் பெண்கள் ஆறு பேர். பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். கை துறுதுறுவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமையோ அதே கீர்த்தனைதான், ஒரு சரணத்துக்குள் குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

ஆகவே தேயிலைக் காட்டில் பாடினோம். இரண்டு கையும் கொழுந்தில் இருப்பதால் அங்கே தட்ட வழியில்லை. கோரஸின் வேகமெல்லாம் விரலுக்குப் போனது. நிறுக்கும்போது எங்கள் கூடைகள்தான் கனம். இதைக் கண்டுபிடித்தவர் எங்களை வேலை வாங்கும் கங்காணி. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர், விடிந்ததும் விடியாததுமாக, "அந்த வேகமான சாமி பாட்ட எடுத்து விடுங்கம்மா" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிறு அவரே சபை வாசலில் வந்து நின்றார். பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் ஆத்துமா தானாக வந்திருக்கிறதென்று பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, அவரை முன்னால் அழைத்துச் சாட்சி சொல்லச் சொன்னார். காட்டில் பாடியதைச் சொல்லிவிடுவாரோ என்று முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சாட்சியெல்லாம் தெரியாதுங்க பாஸ்டர். பழைய பாட்டுக்கு இவங்களுக்குக் கை ஓட மாட்டேங்குது. புதுப் பாட்டுக்குக் கொழுந்து நல்லா விழுது. இன்னும் ரெண்டு மூணு கத்துக் குடுங்க லா."

முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டோம். பாஸ்டருக்கு வந்த ஆத்துமாவை விட மனமில்லை. "சரி, புதுப் பாட்டே பாடுங்க, மெதுவா தட்டிக்குங்க" என்றார் எங்களிடம். நாங்கள் மெதுவாகத் தட்டவில்லை. என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மறுநாளே கங்காணி, ஒரு நாள் கூலிக்குப் பறிக்க வேண்டிய எடையை ஏற்றிவிட்டார். "அதான் பறிக்கிறீங்களே" என்றார். மற்ற ஐந்து பேரும் என்னை முறைத்தார்கள். பாடிப் பாடியே எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காட்டில் சாவு வீட்டுக் கீர்த்தனையை எடுத்தேன். ஒரு வரிக்கு ஒரு செடி என்று ஆறு பேரும் இழுத்தோம். கங்காணி ஓடி வந்தார்.

"புதுப் பாட்டு என்னாச்சும்மா?"

"இது லெந்து நோன்புக் காலம் கங்காணி. ஈஸ்டர் வர்ற வரைக்கும் நாங்க துக்கம் காக்கணும். வேகமா பாடக் கூடாது."

ஈஸ்டர் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாதென்று நம்பினேன்.

அந்த வருஷம் எங்கள் லெந்து தீபாவளி வரைக்கும் போனது. கூடைகள் பாதியாகவே வர, கடைசியில் கங்காணி எடையைப் பழையபடி இறக்கினார். மறுநாள் காலையில் கோரஸை எடுத்தேன். கங்காணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஈஸ்டர் வந்திருச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.