பழப்புளியில் ஊறிய கோதுகள்

டோர்ட்மண்டில் எங்கள் வீட்டு நிலவறையில் நான் துப்பாக்கி ரவை நிரப்புவதை அம்மா ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. அதற்கென்று படித்து, பரீட்சை எழுதி, அனுமதி வாங்கியவள் நான். எங்கள் சுடும் சங்கத்தில் பலருக்கு அந்த அனுமதி கிடையாது. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அணிக்கான தெரிவுப் போட்டி. வருடா வருடம் நூலிழையில் கோட்டைவிட்ட இடம். இந்த முறை என் துப்பாக்கிக்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த பித்தளைக் கோதுகளில், அதாவது சுட்டபின் மிஞ்சும் வெற்றுக்கூடுகளில், மறுபடி வெடிமருந்தும் சன்னமும் நிரப்பித்தான் சுடுவதென்று இருந்தேன். சுடச்சுடக் கோதின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அதை அப்படியே விட்டால் துப்பாக்கிக்குள் வாய் நெரிபட்டுச் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் ஏறினால் ஆபத்து என் முகத்துக்குத்தான். ஆகவே ஒவ்வொன்றாகக் கலிப்பரில் அளக்கவேண்டும். நீண்டதைக் கைக்கருவியில் பூட்டிச் சுற்றிச் சுற்றிச் சீவவேண்டும். பிறகு வாயிலுள்ள பிசிரை உள்ளும் புறமும் எடுக்கவேண்டும். இதைப்போல் உயிரை வாங்கும் வேலை வேறொன்று இல்லை. செய்யாமல் விடவும் முடியாது.

நிலவறைக் குளிர் தாங்காமல் அந்தக் கிழமை எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து பல்கனிக் கதவோரம் வைத்தேன். அளந்து சரியானவை ஒரு தட்டில், சீவவேண்டியவை மற்றதில். அம்மா கிட்டவும் போகமாட்டார் என்ற தைரியம்தான். சனி காலை எழுந்து வந்தால் இரண்டு தட்டும் வெறுமை. கோதுகள் அத்தனையும் சமையலறை வடிதட்டில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பக்கத்தில் சருவச்சட்டி நிறையப் பழப்புளித் தண்ணீர். குத்துவிளக்கை மினுக்குவதுபோல் மினுக்கியிருந்தார். விளக்கையாவது உடனே கழுவிவிடுவார். இதை இரவு முழுக்க ஊறவிட்டிருந்தார்.

“ஆரம்மா உங்களை இதைத் தொடச் சொன்னது?”

நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். கிழமை முழுக்கப் பிரித்து வைத்தது பாழ், இனி முதலிலிருந்து அளக்கவேண்டும், நாளைக்குப் போட்டி என்றெல்லாம் சொல்லித் தீர்த்தேன். கோபம் வந்தால் எனக்கு ஜெர்மன்தான் வரும். அம்மாவுக்கு அது நன்றாகவே விளங்கும்.

கலிப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா எதிர்க் கதிரையில் வந்திருந்து, ஒவ்வொரு கோதாகத் துவாயால் துடைத்து நீட்டத் தொடங்கினார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. முதல் நீளமான கோது அகப்பட்டதும் சீவினேன். சீவிய விளிம்பு பளிச்சென்று மஞ்சள். கீழே உடம்பு முழுக்கச் செங்கல் நிறம்.

புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு நிறம் தெரியும். அப்படிச் சிவந்த கோதை நம்பி மருந்து நிரப்பக்கூடாது. வடிதட்டைப் பார்த்தேன். எல்லாமே சிவப்பு. இனிக் கடையில் வாங்கும் ரவையில் சுட்டு அணிக்குள் வருவது நடக்காத காரியம். அளந்து பிரயோசனமில்லை, எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா என்னைப் பார்க்காமல், துடைத்தபடியே பேசினார்.

“அங்கை ஊரிலை சண்டை ஓய்ஞ்சால் வீட்டு வளவுக்குள்ளை இதுதான் கிடக்கும். உன்ரை அண்ணைக்கு அப்ப நாலு வயசு. பொறுக்கினவனெண்டு கையிலை அடிச்சனான். நீ ஒவ்வொரு கிழமையும் தொடுறாய். சொன்னாலும் கேக்கமாட்டாய். அதுதான் பிள்ளை, உன்ரை கையிலை அதொண்டும் ஒட்டவேண்டாமெண்டு கழுவினனான்.”

துடைத்த கோதை நீட்டினார். வாங்கி அளந்தேன். சரியானது ஒரு தட்டில், நீண்டது மற்றதில் என்று பழையபடி பிரித்தேன். நீண்டவற்றைச் சீவி, பிசிர் எடுத்தேன். இனி ஒருபோதும் சுட முடியாத கோதுகளை, கடைசி ஒன்று வரைக்கும், அம்மா துடைத்துத் தரத்தர அளந்துகொண்டிருந்தேன்.