பஸ் ஏற ஆள் விடணும்

வளர்ச்சிப் பொருளாதாரம் நடத்தும்போது வகுப்பில் ஒரு பழைய சண்டையை எடுத்து விடுவேன். ஒரு வட்டாரத்தில் தேவை பெருகிய பிறகுதான் சாலையும் பஸ்ஸும் வரவேண்டும் என்பது ஒரு கட்சி. முதலில் விடு, தேவை தன்னால் வரும் என்பது மறு கட்சி. "ரெண்டும்தான் மேடம்" என்று மாணவர்கள் மழுப்பினால் எனக்குக் கோபம் வரும். நான் இரண்டாவது கட்சி. பஸ் விஷயத்தில் கொஞ்சம் வெறி பிடித்த கட்சி.

நான் பள்ளிப் படிப்பை முடிக்கவிருந்த வருடம், தை மாதத்தில், எங்கள் தெரு வழியாகத் திருவாரூருக்கு டவுன் பஸ் விட்டார்கள். மாசி வரை ஓட்டிப் பார்ப்போம், ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். பஸ் நின்றால் என் கல்லூரிக் கனவும் நின்றது. அவ்வளவு தூரம் என்னைத் தனியே நடக்கவிட அம்மா தயாராக இல்லை.

ஆனால் எங்கள் தெருவில் எல்லோரும் வயல்வேலைக்காரர்கள். திருவாரூரில் அவர்களுக்கு என்ன வேலை? நல்ல வேளையாக அப்போது கூலித் தகராறு. சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, அறுப்புக்குப் போகமாட்டோம் என்று தெருவே உட்கார்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தை அம்மா பஸ்ஸில் ஏற்றினாள். டீக்காசு டிக்கெட்டுக்குப் போனது. முதல் வாரம் போனவர்கள், என்ன செய்வதென்று தெரியாமல் கமலாலயக் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வாரம் ஒருத்தி கீரைக்கட்டு கொண்டுபோய் விற்றாள். இன்னொருத்தி, நெடுநாளாகக் காதில் சீழ் வடிந்த பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் காட்டினாள். தேவை பிறப்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரே குஷி!

பிறகு தாசில்தார் முன்னிலையில் மிராசுதாரோடு நடந்த பேச்சுவார்த்தையில் கூலி கூடியது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் கவலை. நாளை எல்லோரும் வயலில் இறங்கிவிட்டால் பஸ்ஸில் யார் ஏறுவது? அப்போதுதான் அம்மா எழுந்து நின்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. தெனம் பத்துப் பேர பஸ் ஏற விடணும். நாங்க மொற வச்சிப் போவோம்."

"அங்க என்னம்மா வேல?" என்றார் மிராசுதார்.

"சும்மாதாங்க."

"சும்மா போறதுக்கு ஒரு கோரிக்கையா!"

தாசில்தார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வயலில் நெல் உதிரத் தொடங்கியிருந்தது. மிராசுதார் கையெழுத்துப் போட்டார். பஸ் விட்டால் மட்டும் போதாது, ஏறிப் போக ஆளுக்கு விடுதலையும் வேண்டும் என்பது நான் பின்னால் படித்த புத்தகங்களில் ஓரமாகத்தான் இருந்தது.

மாசி போயிற்று. பஸ் நிற்கவில்லை. ஆனியில் கல்லூரி திறந்த அன்று, புதுத் தாவணியில், அம்மாவோடு காலையிலேயே போய் நின்றேன். பஸ் வந்தது. படிக்கட்டு வரை ஆள் தொங்கியது.

"எடமில்ல, அடுத்த வண்டியில வாங்க!" என்று கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நிற்காமலே போய்விட்டது.

அடுத்த வண்டி மத்தியானம்தான். நான் நடுரோட்டில் நின்று அழுதேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி பூரிப்போடு கத்தினாள்:

"எடமில்லையாம்டி! நம்ம பஸ்ஸுல எடமில்லையாம்!"