மிதி என்று சொல்லிவிட்டேன்

"பிரேக்ல கோளாறா, இல்ல தம்பி தலைகால் தெரியாம ஓட்டினானா, அத மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணா. அவன்தான் தப்புன்னு, அவன் பேர எடுக்கவே அப்பா விடமாட்டேங்கிறாரு."

காரை என் பட்டறையில் இறக்கிவிட்டு அந்தப் பெண் சொன்னது இது. அவள் தம்பி அதே காரில் சரிவில் இறங்கும்போது சுவரில் மோதி இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்று ஞாயிறு, மாலை நான்கு பத்து, வெளியே நல்ல வெயில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் முன்பு அவன் அந்தப் பழைய காரை என்னிடம்தான் கொண்டுவந்தான். முன் இடது சக்கரம் தொட்டால் கை சுடும். பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. பிரேக் பிஸ்டனைச் சுத்தம் செய்து மாட்டினேன். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸின் மீதும் சந்தேகம் இருந்தது. அது உள்ளுக்குள் உப்பி அடைத்துக்கொண்டால் எண்ணெய் போகும், திரும்பாது. பிரேக் உரசி உரசி எண்ணெய் கொதிக்கும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிற்காது. புது ஹோஸ் வர இரண்டு நாளாகும். அவனுக்கு அவசரம், எனக்குச் சோம்பல். பழைய ஹோஸையே துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு, மாற்றியாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் மச்சான் அன்று வரவில்லை. காரைத் தார்ப்பாய் மூடியிருந்தது. உள்ளே பார்க்க எனக்குத் தைரியமில்லை. முன்பக்கம் மட்டும் விலக்கி, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிஸ்க்கைச் சுற்றினேன். அசையவில்லை. பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தினேன். சர்ரென்று எண்ணெய் பீய்ச்சியது. டிஸ்க் விடுபட்டுச் சுற்றியது.

ஹோஸ்தான்.

அதாவது, நான்தான்.

எங்கள் பட்டறையில் காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். கீழே சக்கரத்தருகே இருப்பவர் "மிதி" என்பார், காருக்குள் இருப்பவர் பெடலை மிதிப்பார். "விடு" என்றால் விடுவார். கை நிப்பிளுக்குப் போனால் வாய் தானாகச் சொல்லும். இருபது வருடப் பழக்கம்.

"மிதி" என்று சொல்லிவிட்டேன்.

க்ரீச்...

கார் மெல்ல அசைந்தது. என் மணிக்கட்டில் எண்ணெய் வழிந்தது. நான்கு நாள் ஓடாத காரின் எண்ணெய்... சுட்டது.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு இருபத்திரண்டு.

"விடு." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

க்ரீச்... நின்றது.

அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

மறுபடி மிதித்தது.

மறுபடி.

வேகமாக... மறுபடி... மறுபடி...

தெருவுக்கு ஓடிவந்து அவளுக்கு போன் செய்தேன். காருக்குள் ஆள் யாரையாவது விட்டுவிட்டுப் போனாயா, பெடலை யாரோ மிதிக்கிறார்கள் என்று உளறினேன்.

"எந்தப் பெடலண்ணா? அவன் கால் அதுல மாட்டியிருந்துச்சு. பெடல அறுத்து எடுத்துட்டுத்தான் அவன வெளிய கொண்டுவந்தாங்க. அவ்வளவு அழுத்தி மிதிச்சிருக்கான்."

பட்டறைக்குள் சத்தம் நிற்கவில்லை.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா? நீங்க வந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"