எங்களுக்கு வராத நோய்

டாக்டருக்குக் கைத்துணையாக இருக்கும் டிரெசர் வேலைக்குப் படித்தபோது பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது: தவிட்டுச் சத்து இல்லாமல் கால் வீங்கி ஆளைக் கொல்லும் பெரிபெரி யாருக்கு வரும்? தீட்டிய வெள்ளைப் பச்சரிசி தின்னும் சீனருக்கு வரும், புழுங்கலரிசி தின்னும் தமிழருக்கு வராது. அப்படி எழுதித்தான் பாஸானேன். மடையன், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்ததும் எங்கள் டிஸ்பென்சரியின் வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போனார். அலமாரியில் மிஞ்சியது கொஞ்சம் கொயினா, கந்தகக் களிம்பு, பேதி உப்பு. அதை வைத்துக்கொண்டு நான்தான் டாக்டர். காய்ச்சலா, நாக்கை நீட்டு. சொறியா, இந்தா களிம்பு. கால் வீங்கி வந்த சீனர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன்; குழி விழுந்து அப்படியே நிற்கும். "தவிடு வாங்கிக் கஞ்சியில் போட்டுக் குடி" என்பேன். பன்றிக்குப் போடுவதை மனுசனுக்குச் சொல்கிறானே என்று முறைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றி, சிரித்துக்கொண்டு வருவார்கள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அப்போது என் மனைவிக்கு முதல் பிள்ளை பிறந்து மூன்று மாதம். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. பால் கொடுக்கிறவள் கிழங்கு தின்பதா என்று, ஆயர் ஈத்தாம் வரை சைக்கிள் மிதித்து, மறைவாக விற்கும் சயாம் வெள்ளை அரிசியை வாங்கி வருவேன். புழுங்கலரிசி ஏற்றி வந்த கப்பல் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்! ஊருக்குத்தானே உபதேசம்.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. கண் பட்டுவிடும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். திடீரென்று பாலைக் கக்கத் தொடங்கியது. பிறகு அழும்போது வாய் திறக்கும், முகம் சிவக்கும், சத்தம் மட்டும் வராது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன், மூச்சு வாங்கியது. மாந்தம், கூடவே சளி என்று முடிவு கட்டினேன். மாந்தம் என்றால் பால் கொடுக்கும் தாய்க்குப் பத்தியம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதற்குப் படிப்பா வேண்டும்? கஞ்சி வடித்த சோறு, மிளகுத் தண்ணீர், அவ்வளவுதான். மீன் கூடாது, கீரை கூடாது, பயறு கூடவே கூடாது. அவள் போட்டதைத் தின்றாள்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் பிள்ளையைப் பார்க்க வந்தவள், அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மூத்த பிள்ளையும் செத்துப்போகுமுன் இப்படித்தான் சத்தமில்லாமல் அழுதது, தாய்க்குத் தவிடு கொடு, இன்றைக்கே கொடு என்று மலாயில் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்! தெருவுக்கே மருந்து சொல்லுகிறவனுக்கு இவள் மருந்து சொல்ல வந்துவிட்டாளா? "அது உங்கள் ஆட்களுக்கு வருவது, எங்களுக்கு வராது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் காலை, பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை நீலம் பாரித்து, தாயின் மடியிலேயே போய்விட்டது.

புதைத்து ஒரு வாரம் இருக்கும். கால் விறைத்துப் போகிறது என்று மனைவி காலை நீட்டினாள். அழுத்தினேன். குழி விழுந்தது. பிள்ளையைக் கொன்றது என்ன நோய், அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவன் யார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தாயின் பாலில் இல்லாத சத்தைப் பச்சைக் குழந்தை எங்கே போய்த் தேடும்? சீ, நானும் ஒரு மனுசன்!

என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் வேறொன்றை நினைத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, உங்களிட்டை ஒண்டு மறைச்சுப்போட்டன்" என்று விம்மினாள். "பசி தாங்கேலாமல் ஒருநாள் ஒரு பிடி பயறு அவிச்சுத் திண்டனான். அதுதான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. நான்தான் என்ரை பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டன்."

தவிட்டில் இருக்கும் அதே சத்து பயறிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே மருந்து அந்த ஒரு பிடி பயறுதான். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அப்படியென்றால் பத்தியம் ஏன் வைத்தீர்கள் என்று கேட்பாளே.

"பத்தியம் எண்டால் பத்தியம்தானே" என்றேன்.