உப்புச் சக்கரைக்கு முன்

சங்ககிரியில் ஒற்றை லாரி வைத்து ஓட்டும் செல்லமுத்துவுக்கு ஒரே மகள் அறிவுச்செல்வி. கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்டால் அம்மா மயிலம்மாள், "தண்ணி டெஸ்ட் பண்றா" என்பாள். அது பொய்யில்லை.

எரிபொருளின் சூட்டை வாங்கிக்கொண்டு உலைக்குள் சுற்றிவரும் தண்ணீர் அது. மூடிய குழாய்களைவிட்டு வெளியே வராது. அதில் ஒரு சின்னக் குப்பி எடுத்து, ஈயச் சுவருக்குள் வைத்துக் கதிரியக்கத்தை அளப்பாள். எரிபொருளை மூடிய உலோக உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் தண்ணீரில் அயோடின் ஏறிவிடும். இவ்வளவுதான் என்று அதற்கு வரம்பு உண்டு. தாண்டினால் உலையின் சக்தியைக் குறைக்க வேண்டும், கெடு முடிவதற்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பிறகு காரணம் சொல்லி விரிவாக எழுத வேண்டும். தாண்டியதால் ஆபத்து வந்துவிட்டது என்று பொருள் இல்லை. தாண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் தாண்டியது.

"குழாய்ல பழைய தண்ணி நின்னிருக்கும். இன்னொண்ணு எடுத்துப் பாத்துட்டு எழுதலாமே" என்றார் மேலதிகாரி அன்பரசு. கெட்ட மனிதர் இல்லை. நல்ல சேதி வரட்டும் என்று நினைப்பவர். குழாயில் தண்ணீரை நன்றாக ஓடவிட்டு அவள் இன்னொரு குப்பி எடுத்தாள். முதலாவதைவிட அது கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. இரண்டையும் எழுதினாள். அன்பரசு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். உலையின் சக்தியைக் குறைத்தார்கள். வெளியே எதுவும் கசியவில்லை. ஓட்டை விழுந்த எரிபொருளைப் பிறகு தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் செய்தித்தாளில் ஒரு மூலையில், 'அணு உலையில் கதிரியக்கம் வரம்பு மீறியது' என்று வந்துவிட்டது. வாட்ஸப்பில் அது நாமக்கல் வந்து சேர்ந்தபோது, கடலில் மீன்கள் செத்து மிதந்தன.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வள்ளியாத்தாளின் மகன் சபரிநாதனுக்கு அறிவுச்செல்வியைப் பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உப்புச் சக்கரை. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதியாகிவிடும், அதற்கப்புறம் யாரும் பின்வாங்குவதில்லை. சபரிநாதனை அவளுக்குப் பிடித்திருந்தது. போனில் பேசும்போது பாதிப் பேச்சைக் கோழிச் சத்தம் விழுங்கிவிடும். அவன் பேசிக்கொண்டேதான் இருப்பான். அதற்காகவே பிடித்திருந்தது.

அவள் விடுப்பில் வந்த மறுநாள் காலை, பண்ணையின் முட்டை வண்டியிலேயே வள்ளியாத்தாள் தனியாக வந்து இறங்கினாள்.

"உப்புக்கு முன்னாடி ஒத்தையில வர்றாங்கன்னா வேண்டாம்னு சொல்லத்தான் வர்றாங்க" என்று மயிலம்மாள் சமையலறையில் மகளின் கையைப் பிடித்தாள். "ஏங்கண்ணு, அந்த அளவ எழுதுனது நீயின்னு சொல்லிப்போடாத. வேற யாரோ எழுதுனாங்கன்னு சொல்லு. அவிகளுக்கு என்ன தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரியுமேம்மா. அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன்."

"அதையுமா சொன்னே?" மயிலம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வள்ளியாத்தாள் மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஏனம்மிணி, அந்தத் தண்ணியில கைய வெக்கறியாமா? நாளைக்குப் புள்ள குட்டின்னு வந்தா?"

"கைய வெக்கறதில்லைங்கத்தை. குப்பியிலதானுங்க எடுப்போம். எங்க மேல எவ்வளவு படுதுன்னும் அளக்கறாங்க. மாசாமாசம் எனக்கும் சொல்லுவாங்க."

"செரி. அந்த பேப்பர் சமாச்சாரம்?"

வாசலில் லாரியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செல்லமுத்து தட்டுவதை நிறுத்தினார். கதவுக்குப் பின்னால் மயிலம்மாளின் வளையல் அசைந்தது.

"நாந்தானுங்க எழுதினேன்."

"எழுதாம உட்டிருந்தா?"

"பேப்பர்ல வந்திருக்காதுங்க. ஓட்டை அப்படியே இருந்திருக்கும்."

வள்ளியாத்தாள் செல்லமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்கண்ணா, புள்ளைய இப்படி வளத்தி வெச்சிருக்கறீங்க?"

"பிரேக்கு லேசா இழுத்தாலே வண்டிய ஓரங்கட்டற ஆளுங்க நானு. லோடுகாரங்கிட்ட வாங்காத பேச்சில்லை. அதப் பாத்து வளந்தது, வேற எப்படி இருக்கும்?" என்றார் அவர்.

வள்ளியாத்தாள் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க பொழப்பச் சொல்றேன் கேளு. ஷெட்டுல கோழி தலையத் தொங்கப்போடும். அஞ்சாறு சாகும். டாக்டருக்குச் சொன்னா கோழியோட ரத்தத்த டெஸ்டுக்கு எடுப்பாங்க, முடிவு வர்ற வரைக்கும் முட்டைய ஏத்தாதேம்பாங்க. அதனால மொதல்ல வண்டிய ஏத்தி உட்டுட்டு, அப்பறந்தான் டாக்டரக் கூப்புடுவோம். பண்ணை வெச்சிருக்கறவிக பாதிப்பேரு அப்படித்தான். நீ எங்க ஊட்டுக்கு வந்தா என்ன பண்ணுவே?"

அவளுக்குக் கேள்வி புரிந்தது. பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் புரிந்தது. அந்தக் கோழிச் சத்தமும், அதற்கு நடுவே அவன் குரலும் ஒரு கணம் காதில் வந்து போயின.

"வண்டி ஏத்தறதுக்கு முன்னாடியே டாக்டருக்குச் சொல்லிருவேனுங்கத்தை. உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவேன். ஆனாச் சொல்லிருவேன்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

 வள்ளியாத்தாள் எழுந்து வாசலுக்குப் போனாள். வேப்பமர நிழலில் நின்ற முட்டை வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'முடிந்தது' என்று நினைத்தாள் அறிவுச்செல்வி. அழுகை வரவில்லை. சொம்பை எடுத்துக் கழுவப் போடலாம் என்று குனிந்தாள்.

வாசலில் வள்ளியாத்தாள் இடுப்பிலிருந்து போனை எடுத்திருந்தாள். போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் குரல் அவளுக்கு.

"சபரி, மத்தியானம் கிளம்பற லோடு ஏத்தியாச்சா?... ஏத்தாத. நிறுத்து. கடைசி ஷெட்டுல நேத்திருந்து கோழி சொணங்கிக் கெடக்குதல்ல, டாக்டரக் கூப்புடு... வெள்ளைக் கழிச்சல் நோவோ என்ன கருமமோ, அவரு பாத்துச் சொல்லட்டும்... வியாபாரி கத்துனாக் கத்தட்டும், நான் பேசிக்கறேன்... ஏனா? உன்ற பொண்டாட்டி வந்தாச் சொல்லிப்போடுவாளாம்டா. அவ வந்து சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிப்போடலாம்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு செல்லமுத்துவிடம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்தர்றோமுங்கண்ணா" என்றாள். "கல்லுப்பு நாங்க கொண்டாரோம். நீங்க தூளுப்பு வாங்கி வெச்சிறாதீங்க, அது ஆகாது."

சமையலறையில் மயிலம்மாள் டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.