வால் சிலேட்டு

என் எழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதன் பிறகு என் கை எழுதியதெல்லாம் சிலேட்டில் சாக்கட்டியால் எழுதிய காட்டு நம்பரும் நேரமும்தான். பிழை நிறைய இருக்கும். ஆனால் இதை வாயால் சொல்ல எனக்கு வராது. மூன்று தடவை சந்தர்ப்பம் வந்தும் வரவில்லை.

பந்தலூர் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரி. அதன் மாடியில்தான் பறித்து வந்த கொழுந்தைக் கம்பிவலை போட்ட நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவோம். தோட்டத்தை நம்பர் போட்டுப் பிரித்த துண்டுகளைக் காடு என்போம். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று காட்டுக் கொழுந்து அடுத்தடுத்துக் கிடக்கும். ஒரு காட்டுக் கொழுந்து தொடங்கும் இடத்தில் ஒரு சிலேட்டு, முடியும் இடத்தில் ஒரு சிலேட்டு, இரண்டிலும் அதே நம்பர். தொடக்கத்தில் தொங்குவதற்குத் தலைச் சிலேட்டு, முடிவில் தொங்குவதற்கு வால் சிலேட்டு என்று பெயர்.

கொழுந்து எந்தக் காட்டிலிருந்து வந்து எந்தப் பெட்டியில் போகிறது என்பதை வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தபோதுதான் கம்ப்யூட்டர் மேடம் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். முப்பது வயதிருக்கும். குளிர் தாங்காமல் செருப்புக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து வேலை பார்ப்பார். ஒருநாள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அதன் பெயர், பின்னால் ஒரு சாய்கோடு போட்டு மறுபடி அதே பெயர். தொட்டி என்று தொடங்கினால் தொட்டி என்று முடிகிறது. அதற்குள் காடு தொடங்கிக் காடு முடிகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சிலேட்டுகள் கம்ப்யூட்டருக்குள் எப்படிப் போயின?

அந்த எழுத்துமுறையைச் சுருக்க வேண்டும் என்று பெரிய ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. நாங்கள் கையில் வைத்து விவரம் தட்டும் பலகைக் கம்ப்யூட்டர், டேப் என்பார்கள், மெதுவாக ஓடியது. ஒரு வாரம் மாடியில் அதே விவாதம். ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுத வழி இருந்ததாம், ஒன்று போதும் என்றார் மேடம். ஓரக்குறிப்பு வேண்டாம் என்றார்கள் போனில் பேசியவர்கள், அதற்கும் சரி என்றார். முடிவில் வரும் பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கோடு போட்டால் போதும் என்றபோது மட்டும் தயங்கினார். டீ மேக்கர் ஐயா, தூள் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு, சுருக்குகிற பக்கம்தான் நின்றார்.

"பந்தியில ஒக்காரும்போது பேரு கேட்டாச் சரிங்க மேடம். கை கழுவறப்பவும் கேட்டா எப்படிங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, நீங்க சொல்லுங்க. இந்த வால் சிலேட்டுல எதுக்கு மறுபடியும் நம்பர் போடறீங்க?"

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். காரணம் எனக்குத் தெரியும். சொல்ல ஆரம்பித்தால் நாக்குக் குழறும், ஐயா அதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார். "சும்மா வழக்கந்தாங்க மேடம்" என்றேன். அவர் தலையாட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த வாரமே முடிவில் வரும் பெயர்கள் போயின. வால் சிலேட்டுகளும் அவிழ்ந்து மூலையில் அடுக்காகின.

ஆடி மழையில் ஒருநாள், பூச்சிமருந்து அடித்து விடவேண்டிய நாள் கழியாத காட்டில் தெரியாமல் பறித்துவிட்டார்கள். கொட்டிவிடுவதற்காக அந்தக் கொழுந்தை மூன்றாம் தொட்டிக் கடைசியில் தனியாகப் போட்டோம். டேப்பில் யாரோ ஒரு கோட்டை விட்டுவிட்டார்கள். எந்தக் கோடு எதை முடிக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. மருந்துக் கொழுந்தும் முன்னால் கிடந்த நல்ல கொழுந்தோடு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. கீழே அள்ளிப் போனவர்கள் டேப்பை நம்பினார்கள். வாங்கியவர்கள் சோதித்ததில் மருந்து தெரிந்து லோடு முழுவதும் திரும்பி வந்தது.

மேனேஜர் அறையில் விசாரணை. நான் கதவோரம் நின்றேன். பெயர்களை எடுக்கச் சொன்னது யார் என்று மேனேஜர் கேட்டார். ஐயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் தன் நோட்டைப் பிரித்து வாசித்தார்: மாடியில் பதினெட்டு வருஷம் வேலை செய்பவரிடம் கேட்டேன், வழக்கம்தான் என்றார், அவருக்குத்தான் தெரியும் என்பதால் எடுத்துவிட்டேன்.

என் பேச்சை அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை. வீட்டில்கூட நான் சொல்வதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார்கள். இத்தனை படித்த ஒருத்தர் என் ஒரு சொல்லை நம்பி முடிவெடுத்திருக்கிறார். அந்தச் சொல் பொய்.

"அவரு மேல தப்பில்லைங்க சார். கேட்டது நானு, முடிவெடுத்ததும் நானு" என்றார் மேடம். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

வேலை போய்விட்டது அவருக்கு. போவதற்குமுன் முடிவுப் பெயர்களை மறுபடி போட்டுவிட்டு, பையை எடுக்க மாடிக்கு வந்தார். நான் மறுபடி கட்டுவதற்காக மூலையில் வால் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நெசமாவே காரணம் ஒண்ணும் இல்லீங்களாண்ணா?"

"இருக்குங்க மேடம்." அதற்குமேல் வரவில்லை.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையைத் தோளில் மாட்டினார். "பேச வராட்டி எழுதியாவது குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நேற்று புதிதாக ஒரு தம்பி கம்ப்யூட்டரோடு மாடிக்கு வந்து, எல்லாம் ரொம்ப நீளமாக இருக்கிறது, சுருக்கலாம் என்றார். தொட்டிக் கடைசியில் தொங்கும் சிலேட்டைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் தம்பி என்றேன்.

காரணம் இதுதான். மழைநாளில் ஜன்னல் வழியாக மூடுபனி மாடிக்குள் வந்துவிடும். வாலில் நிற்பவனுக்குத் தலை தெரியாது. நாங்கள் கொழுந்து அள்ளுவது வாலிலிருந்துதான். வெறும் கோடு போட்டிருந்தால் ஏதோ முடிந்தது என்று தெரியும், எது முடிந்தது என்று தெரியாது. தலைச் சிலேட்டு கழன்று விழுந்தாலும் வால் சிலேட்டு சொல்லிவிடும். இரண்டும் ஒத்துவராவிட்டால் கையை எடுத்துவிட்டு நிற்போம்.

இதில் ஒரு பிரதி அந்தத் தம்பிக்கு. இன்னொன்று மேடத்துக்கு. விலாசம் ஐயாவிடம் இருக்கிறது, நானே போய்க் கேட்டு வாங்குவேன்.

கார்த்திகை ஏழு, ஞாயிற்றுக்கிழமை.